எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்

வயிற்றில் கை வைப்பதற்கு முன் அவர் தன் கைகளை அக்குளில் செருகிச் சூடாக்கிக்கொள்வார். வெளியே எத்தனை பேர் கத்திக்கொண்டிருந்தாலும் சரி, நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி அரை நிமிடம் அப்படியே நிற்பார். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு டாக்டருக்கே குளிர்ஜுரமோ என்று தோன்றும்.

"சில்லுனு கை பட்டா நல்ல வயிறுகூட இறுகிக்கும் அக்கா. அப்புறம் அது கூச்சத்துல இறுகிச்சா, உள்ள அடிபட்டு இறுகிச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

பழவேற்காடு ஏரிக்கு மேற்கே உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் நர்ஸ். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவள். அவர் பணிக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பத்தைந்து, அவருக்கு இருபத்தெட்டு. தர்மபுரிப் பக்கத்து வறண்ட பூமியிலிருந்து வந்தவர். இவ்வளவு தண்ணீரை மொத்தமாகப் பார்த்ததே இல்லை என்றார். பெயரைச் சொல்லப்போவதில்லை. இன்னமும் எங்கோ அரசுப் பணியில்தான் இருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் வயிற்றில் அடிபட்டு வருகிறவர்கள் அதிகம். அலையில் திரும்பிய படகு இடித்தவர்கள், பைக்கின் ஹேண்டில்பார் குத்தியவர்கள், மீன் பெட்டி சரிந்து விழுந்தவர்கள். வெளியே காயம் இருக்காது. நடந்தே வருவார்கள். வெட்டுப்பட்டு ரத்தம் சொட்டச் சொட்ட வருகிறவனைப் பார்த்ததும் எல்லோரும் ஓடுவோம். இவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் போய் முதலில் அந்த டீயைத்தான் பிடுங்குவார். ஆபரேஷன் வரைக்கும் போகலாம் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டுமே.

"வயிறு உடனே சொல்லாது. நேரம் எடுத்துக்கும்" என்பார். கையால் அழுத்திப் பார்ப்பார், சின்ன ஸ்கேன் மெஷினை உருட்டிவந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தாலும் விடமாட்டார். கட்டில் கம்பியில் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி, நேரம், நாடி, பிரஷர் மூன்றையும் எழுதிவைப்பார். அரை மணி கழித்து வந்து, "மறுபடி ஒருதரம் பாத்துடலாம்" என்று பழையபடி கையைச் சூடுபண்ணுவார். அதனால் அவருக்கு 'மறுபடி டாக்டரம்மா' என்றே பெயர் வந்துவிட்டது. அது அவர் காதுக்கும் போனது. கோபப்படவில்லை.

ஆனால் அதுவரை யார் இருக்கிறார்கள்? வலி கொஞ்சம் குறைந்ததும் வீட்டு நினைப்பு வந்துவிடும். 'என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மற்ற டாக்டர்களுக்கு அந்தக் காகிதம் கைக்கு வந்ததும் விஷயம் முடிந்துவிடும். இவருக்கு அப்போதுதான் தொடங்கும். முகவரியை போனில் குறித்துக்கொள்வார். டியூட்டி முடிந்ததும் ஸ்கூட்டரை எடுப்பார். வழி தெரியாது என்பதால் பின்னால் நான்.

அப்படி நாங்கள் போன இடங்களில் ஒன்று கல்யாண மண்டபம். பழவேற்காட்டில் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, வலது விலாவுக்குக் கீழே அடிபட்டு வந்திருந்தார். மறுநாள் தங்கை மகளுக்கு நிக்காஹ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சமையல் சாமான் அறையில் அரிசி மூட்டைகளின் மேல் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார்.

"டாக்டரம்மா, உள்ள பிரியாணியைத் தவிர ஒண்ணுமே இல்ல. அல்லா மேல ஆணையா" என்றார் பாய்.

"யூரின் என்ன கலர்ல போகுது?" என்று டாக்டர் கேட்டார். கதவுக்கு வெளியே நின்றிருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். எங்களையும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். பாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் சிரித்தேன். பிறகு ஆரம்பாக்கத்தில் ஒரு வீடு, லைட்ஹவுஸ் குப்பத்தில் இரண்டு வீடு. எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள். இந்தப் பெண் கொஞ்சம் மிகையாகப் பயப்படுகிறது என்ற எண்ணம் என் மனதில் உட்கார்ந்துவிட்டது. என் தம்பிக்கு நடந்ததை அந்த எண்ணத்தோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தம்பி கடலுக்கும் போவான், ஏரியிலும் வலை போடுவான். ஒரு நாள் காலை முகத்துவாரத்தில் படகைக் கரையேற்றும்போது அலை படகைத் திருப்பிவிட்டது. அதன் விளிம்பு அவனுடைய இடது விலாவுக்குக் கீழே இடித்தது. கூட இருந்தவர்கள்தான் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள். டாக்டர் கையைச் சூடாக்கி, அழுத்திப் பார்த்து, ஸ்கேனும் பார்த்தார்.

"இப்ப ஒண்ணும் தெரியல. இப்பதான் தெரியல, அவ்வளவுதான். சென்னைக்கு அனுப்பிப் பெரிய ஸ்கேன் எடுத்துடலாம். இல்லன்னா நாளைக்குக் காலை வரைக்குமாவது இங்க இருக்கட்டும்."

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "யக்கா, நாளிக்கு எனுக்குப் பாடுக்கா. இத்த வுட்டா அடுத்து எப்ப வரும்னு உனுக்கே தெரியும். நான் நல்லாதான் கீறேன்."

பாடு என்பது ஏரியில் வலை போட ஊர் வகுத்துக் கொடுக்கும் முறைநாள். அது தவறினால் சுற்று முழுக்க வந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கும் பாய் வீட்டுப் பிரியாணிதான் நினைவுக்கு வந்தது. காகிதத்தில் 'உறவுமுறை: அக்கா' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் பிளாஸ்திரியில் எழுதியிருந்ததை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஆட்டோவில் போகும்போதே, "தோள்பட்ட வேற வலிக்குதுக்கா, படகத் தள்ளுனதுல புடிச்சிக்கினு கீது போல" என்றான். வீட்டில் அவன் மனைவியிடம் சொல்லி, தைலம் வாங்கி நானே தேய்த்துவிட்டேன். இருபது வருட நர்ஸ் நான்.

மாலை நான்கு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவரே வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "அவருக்குத் தோள்பட்டை வலிக்குதா அக்கா?"

நான் சொல்லவில்லையே என்று விழித்தேன்.

"இடது பக்கமா? படுத்தா ஜாஸ்தியாகுதா?"

தம்பி படுக்க முடியாமல்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வியர்த்திருந்தது. மண்ணீரல் கிழிந்து ரத்தம் மேலே தேங்கினால் இடது தோளில் வலிக்கும். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். என் தம்பியின் தோளில் அதே வலி வந்தபோது தைலம் தேய்த்துவிட்டேன்.

டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். "காலையில எண்பத்தாறு. இப்ப நூத்தி இருபத்தஞ்சு. கிளம்பணும்."

"நாளிக்குச் சாயங்காலம் வரேன் மேடம். பாடு முட்ச்சிட்டு நேரா அங்கதான்."

"சரி. நீங்க கிளம்புற வரைக்கும் நானும் இங்கேயே இருக்கேன்." சொல்லிவிட்டு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனுக்கு இன்னாங்க ஆச்சி? இதோ பாருங்க" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழுதாக நிமிர்வதற்குள் கால் மடங்கி அவர் மடியிலேயே சரிந்தான்.

அவன் மனைவி சோடாவை உடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். டாக்டர் தடுத்தார். அவனைச் சமமாகப் படுக்கவைத்து, கால்களைத் தூக்கி வலை மூட்டைமேல் வைத்தார். ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டு, ரத்தம் ஏற்றி, மறுபடி ஸ்கேன் வைத்தோம். காலையில் ஒன்றுமில்லாத இடத்தில், மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே, கறுப்பாக ஒரு பட்டை, கசிந்த ரத்தம். சென்னைக்குப் போன் செய்து ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸில் அவரும் ஏறிக்கொண்டார்.

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். தம்பி பிழைத்தான்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒருநாள் நானே பேச்சை எடுத்தேன். "நீங்க போட்டது அக்காவா. நர்ஸா இல்ல" என்றார். "அவருக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டாச்சா? மண்ணீரல் இல்லாதவங்களுக்குச் சாதாரண ஜுரமே ஆபத்து. அத மறந்துடாதீங்க."

அதற்குப் பிறகு அவர் எங்கே கூப்பிட்டாலும் போனேன். ஒரே ஒரு முறைதான் வேண்டாமென்று சொன்னேன்.

படகில் மட்டுமே போகக்கூடிய தீவு ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். படகில் ஏறும்போது வழுக்கி, விளிம்பில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். நாத்தனார் ஒட்டிக்கொண்டு நின்றாள். தொப்புளுக்கு மேலே, நடு வயிற்றில், கன்றிய தடம். படகு விளிம்பு என்றால் நீளமாக விழும். இது வட்டமாக, குதிகால் அளவுக்கு இருந்தது. வலி முதுகுக்குப் போகிறது என்றாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

டாக்டர் நாத்தனாரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கேட்டார். "எப்படிப் பட்டுச்சு?"

"வுழுந்துட்டேன் மேடம்."

"நிஜமா?"

"வுழுந்துட்டேன்னு சொல்றேன்ல?"

ஸ்கேனில் ரத்தம் இல்லை. "அந்த இடத்துல குடல் முதுகெலும்போட நசுங்கியிருந்தா இதுல தெரியாது, சென்னைக்குத்தான் போகணும்" என்று டாக்டர் விளக்கினார். அதற்குள் ஒரு லாரி விபத்து வந்துவிட்டது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கட்டில் காலி. இவள் எழுதிக்கூடக் கொடுக்கவில்லை.

"வேணாம் டாக்டர்" என்றேன். "அந்த ஊர் எனக்குத் தெரியும். நாம ரெண்டு பேரும் போய் இறங்கினா ஊரே கூடிடும். அங்க போற கிராம நர்ஸ்கிட்ட சொல்லலாம். ரத்தசோகைக்கு டெஸ்ட்னு வேற ஏதாவது சொல்லிக் கூட்டிட்டு வரட்டும்."

"அவங்க அடுத்த வாரம்தான் போவாங்களாம். கேட்டுட்டேன்."

மறுநாள் மதியம் போனோம். நீச்சல் தெரியாது அவருக்கு. படகின் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் வீட்டு முன்னால் உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் சற்றுத் தள்ளி வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். டாக்டர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வரும்போது என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று படகில் ஒத்திகையே பார்த்திருந்தோம். ஆனாலும் அவர் வாயில் வந்தது இதுதான்:

"வயித்துல மிதிச்ச இடம் இப்ப எப்படி இருக்கு?"

ஒரு வார்த்தை. இரண்டு நாளாக அவர் மனதில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

புருஷன் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான். "இன்னா மேடம் சொன்னீங்க? மிதிச்சதா?" சத்தமே போடவில்லை. "யாரு மிதிச்சது?"

"நான் சொல்லல" என்றாள் அவள். எங்களிடம் அல்ல, அவனிடம். "நான் ஒண்ணுமே சொல்லல."

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் தப்பா சொல்லிட்டேன். நீங்க விழுந்ததாவே இருக்கட்டும். எங்ககூட வாங்க, ஒரே ஒரு ஸ்கேன்" என்று கெஞ்சினார். அவள் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். தம்பி வீட்டில் உட்கார்ந்ததுபோல இங்கேயும் அவர் உட்கார்ந்திருப்பார். நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன். நாங்கள் இருக்க இருக்க அவளுக்குக் கெடுதல் என்று எனக்குத் தோன்றியது. அது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவன் படகுவரைக்கும் கூடவே வந்தான். நாங்கள் ஏறும்போது படகு ஆடாமல் பிடித்துக்கொண்டு, "பாத்து ஏறுங்க மேடம், வழுக்கும்" என்றான்.

திரும்பியதும் டாக்டர் போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். விசாரிக்கிறோம் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜுரம் கொதித்தது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. டாக்டர் கையைச் சூடாக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முன்பு இல்லாத காயங்களும் இருந்தன. இரண்டு முழங்கையும் நீலம் பாய்ந்திருந்தது. அவள் கத்தியது கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள்.

சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். இரைப்பையை அடுத்த குடலில் ஓட்டை. ஏற்கெனவே சீழ் பிடித்திருந்தது, முதல் அடியிலேயே விழுந்ததாக இருக்க வேண்டும் என்று சொன்னார்களாம். ஒன்றரை மாதம் படுக்கையில் கிடந்து பிழைத்தாள். புருஷன் மேல் வழக்கானது.

ஆறுதலாகத்தான் டாக்டரிடம் சொன்னேன். "நீங்க சந்தேகப்பட்டதுதான் சரி டாக்டர். ரெண்டாவது தடவ அடிச்சதாலதான் அக்கம்பக்கம் உள்ள வந்துச்சு. இல்லன்னா சத்தமே இல்லாம வீட்டுலயே செத்துப் போயிருப்பா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு நாள் பழகியதில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. "அப்ப நான் போனது நல்லதுங்கறீங்களா அக்கா? அவ இன்னொரு தடவ அடிபட்டது நல்லதுங்கறீங்களா?"

சில மாதம் கழித்து அவள் வழக்குக்காக ஒரு சான்றிதழ் வாங்க வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அம்மா வீட்டில் இருக்கிறாளாம். டாக்டர் தானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அவள் போகவில்லை.

"நீங்க நல்லதுக்குதான் வந்தீங்க மேடம். அது எனுக்குத் தெரியும்" என்றாள். "ஆனா நீங்க படகு ஏறிப் போனப்புறம் இன்னா நடந்துச்சின்னு யாருமே என்னக் கேக்கல. போலீஸ்காரங்க முதல்ல அடிச்சதப் பத்திதான் கேட்டாங்க. நீங்களும் கேக்கல."

அவள் காத்திருந்தாள். ஒரே கேள்வியை நான்கு முறை கேட்கிறவர் அவர். அன்று வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். அவர் கேட்காவிட்டால் நானாவது கேட்டிருக்கலாம். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

இதற்கப்புறம் வந்தவர், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் மாடு குறுக்கே வந்து பைக்கோடு விழுந்தவர். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருந்தது. முழங்கையில் நான்கு தையல். ஸ்கேன் சுத்தம். இருக்கச் சொன்னோம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர் எல்லா எச்சரிக்கையும் சொன்னார்: வாந்தி வந்தால், தோள் வலித்தால், தலை சுற்றினால் உடனே வர வேண்டும். டியூட்டி முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரிடம் போனார். நானும் பின்னால் போனேன். சாவியைப் போட்டுவிட்டு வெயிலில் அப்படியே நின்றார். "போலாம் டாக்டர்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார். எனக்கு அந்தத் தீவு வீட்டு வாசல் கண்ணில் நின்றது. சொல்லவில்லை.

"போன்ல கேட்டுக்கலாம் அக்கா" என்று சாவியை எடுத்துவிட்டார்.

அந்த ஆள் போனை எடுக்கவில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் டாக்டர் வாசலுக்கு வந்து நின்றார்.

ஏழாம் நாள் அந்த ஆளே நடந்து வந்தார், தையல் பிரிக்க. விழுந்ததில் போன் உடைந்துவிட்டதாம். டாக்டர் அவரைப் படுக்கவைத்து, கையைச் சூடாக்கி, வயிற்றின் ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"அன்னிக்கே சொன்னேனே மேடம், ஒண்ணுமில்லன்னு" என்று அவர் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். நானும்தான்.

அவர் போனதும் டாக்டர் கை கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததால் உள்ளே போய்ப் பார்த்தேன். குழாயடியில் கையை நீட்டியபடி நின்றிருந்தார்.

"அந்த ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தா நாளைக்கு நான் மறுபடி கிளம்பியிருப்பேன் அக்கா" என்றார். "ஒண்ணும் ஆகல. அதுதான் பயமா இருக்கு. இனிமே போகாம இருக்கறது சுலபமாயிடும்."

அதற்குப் பிறகும், மேற்படிப்புக்கு இடம் கிடைத்துப் போகும்வரை, ஐந்து மாதம் அவர் எங்களோடு இருந்தார். பலர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வீட்டுக்கும் அவர் போகவில்லை. ஒவ்வொரு முறையும் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தது நான்தான். போகலாமா என்று நானும் கேட்கவில்லை.